முப்பது நாள் சட்டம்

கல்யாணம் ஆன இருபத்தோரு வருஷத்துல முதல் தடவையா, நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு என் மனைவி உடனே "சரிங்க"ன்னு சொன்னா.

நான் சொன்னதை நானே இன்னொரு தடவை யோசிச்சுப் பாத்தேன்.

அவ சரின்னு சொல்ற ஆளே இல்ல. "வெளியில மழை பெய்யுது"ன்னு சொன்னா, ஜன்னல் வழியா கையை நீட்டி நனைச்சுப் பாத்துட்டு, "தூறல்தான்"னு தீர்ப்பு சொல்றவ. அப்படிப்பட்டவ நான் நீட்டின காகிதத்தை வாங்கினா, படிச்சா, பேனா கேட்டா, கையெழுத்துப் போட்டா. போட்டுட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க"ன்னு வேற சொன்னா.

பாராட்டு. என் வீட்டுல. எனக்கு.

விஷயத்தை முதல்லேருந்து சொல்லிடறேன். எனக்கு மூணு பைத்தியம் உண்டு. மிஷின், சாப்பாடு, பாட்டு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு மனுஷனுக்கு மூணு பைத்தியமாவது வேணாமான்னுதான் நான் கேக்கறேன். என் மனைவி என்ன சொல்றான்னா, குடிச்சிருந்தாகூட ஒரு பாட்டிலோட போயிருக்கும், இப்போ அலமாரியைத் தொறந்தா பதினேழு மிஷின் தலைமேல விழுதுன்னு.

பதினேழுங்கிறது உண்மை. ரொட்டி சுடற மிஷின், நூடுல்ஸ் பிழியற மிஷின், சூப் காய்ச்சற மிஷின், ஐஸ்க்ரீம் கடையற மிஷின், ஆப்பிளைத் தோல் சீவி, கொட்டை எடுத்து, வட்டம் வட்டமா வெட்டித் தர்ற மிஷின். அந்த ஆப்பிள் மிஷின் வந்த அன்னிக்கு அவ கத்தியை எடுத்து எட்டு செகண்டுல ஒரு ஆப்பிளை வெட்டி என் கையில குடுத்தா. நான் அப்போ திருகை மாட்டிட்டிருந்தேன்.

பதினெட்டாவதா ஒண்ணு இருந்துச்சு, முட்டை அவிக்கிற மிஷின். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேருந்து வந்து பாத்தா அதைக் காணோம். எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டாளாம். கேட்டதுக்கு, "ஒண்ணரை வருஷமா அதுக்குள்ள ஒரு முட்டையும் போகல, ஒரு பல்லி மட்டும்தான் போச்சு"ங்கறா.

இது எங்க போய் முடியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கு முட்டை மிஷின். நாளைக்கு ரொட்டி மிஷின். அப்படியே போனா ஒருநாள் என் ரூமுக்கும் கை நீளும்.

என் ரூம்னா வீட்டுக் கடைசியில இருக்கற கோடி ரூம். பத்தடிக்கு எட்டடி. அதுல ஒரு சுழல் நாற்காலி, ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு நல்ல ஹெட்போன், அலமாரி நிறைய இசைத்தட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள போனா ஏழரைக்குத்தான் வெளியில வருவேன். அந்த நேரத்துல வீட்டுல மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. என்ன கேக்கறீங்கன்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவை அவ வாசல்ல வந்து நின்னு கேட்டா. இதுல ரொம்ப நுணுக்கம் இருக்கும்மா, உனக்குப் புரியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஹெட்போனும் ஒண்ணுதான் இருந்துச்சு.

உலகத்துல எது போனாலும் பரவாயில்ல, அந்த நாற்காலியும் அந்த ஒண்ணரை மணி நேரமும் போகக்கூடாது. அதுதான் எனக்கு.

அதனால சட்டம் போட்டேன்.

நான் லிஃப்ட் கம்பெனியில சர்வீஸ் சூப்பர்வைசர். எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு கார்டு, மிஷின் ரூம்ல நூல்ல கட்டித் தொங்கும். முப்பது நாளுக்கு ஒரு தடவை ஓட்டிப் பாத்து அதுல எழுதணும். ஓட்டின தேதி, ஏத்தின பாரம், நிலைமை, கையெழுத்து. கையெழுத்து இல்லையா, லிஃப்ட்டை நிறுத்திப் பூட்டிடலாம். கையெழுத்து இருக்கா, அதை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்ல. நிலைமைங்கற கட்டத்துல புது லிஃப்ட்டுக்கு 'நன்று'ன்னு எழுதுவோம். கிழட்டு லிஃப்ட்டுக்கு எல்லா மெக்கானிக்கும் ஒரே வரிதான் எழுதுவான்: 'சத்தம் இருக்கு, ஆனா ஓடுது.'

இதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூணே விதி. ஒண்ணு, முப்பது நாளுக்குள்ள ஒரு தடவையாவது ஓட்டின மிஷினை யாரும் தொடக்கூடாது. ரெண்டு, முப்பது நாளா ஓட்டலன்னா உரியவருக்கு உரிமை போச்சு, அந்த முப்பது நாள்ல வேற யார் ஓட்டினாங்களோ அவங்களுக்குச் சொந்தம், யாருமே ஓட்டலன்னா தெருவுக்கு. மூணு, கார்டுல இருக்கற கையெழுத்துதான் சாட்சி, வாயால சொல்றது செல்லாது.

ரெண்டாவது விதியை ஏன் அப்படி எழுதினேன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவளோட தையல் மிஷின் மேஜை மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. ஆம்ப்ளிஃபையர் வைக்க அளவு கச்சிதம். அவ வருஷத்துக்கு ரெண்டு தடவை தைச்சா அதிகம்.

மூணாவது விதி அவளோட வாய்க்காக. அந்த வாயோட மோதி நான் இதுவரைக்கும் ஜெயிச்சதில்ல.

பல் டாக்டரம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. வாய்க்குள்ள விரல் விட்டுட்டு எதிராளியைப் பேசவிடாம தானே பேசிப் பழகினவங்க, அன்னிக்கு மட்டும் கண்ணால பேசினாங்க. என் மனைவியைப் பாத்தாங்க. என் மனைவி அவங்களைப் பாத்தா. ரெண்டு பேரும் காகிதத்தைப் பாத்தாங்க. அப்புறம்தான் அந்த "சரிங்க" வந்துச்சு.

மறுநாள் சனிக்கிழமை, முதல் நாள். பதினேழு மிஷினுக்கும் பதினேழு கார்டு கட்டினேன். ரெக்கார்டு பிளேயருக்குக் கட்டல. அது மிஷினா என்ன, அது என் உயிர். வரிசையா பதினேழுக்கும் சுவிட்சைப் போட்டேன், நிறுத்தினேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்துல முப்பது நாள் வேலை முடிஞ்சுது. சமையல்கட்டு வாசல்ல சாஞ்சு நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருந்தவ, பவ்யமா ஒரு சந்தேகம் கேட்டா.

"ஏங்க, லிஃப்ட்டை ஆள் ஏத்தாமயா டெஸ்ட் பண்ணுவீங்க?"

"அது எப்படி? பாரம் ஏத்தித்தான் பண்ணணும்."

"அப்போ கார்டுல 'ஏத்தின பாரம்'னு ஒரு கட்டம் இருக்கே. பதினேழுலயும் காலியா இருக்கு?"

நான் போட்ட கார்டு. என் கம்பெனி கார்டு.

ரொட்டி மிஷினுக்குப் பாரம் ரொட்டி. சூப் மிஷினுக்குப் பாரம் சூப். சுவிட்சு போட்டா ஆச்சா, சாப்பிடற மாதிரி வரணும், ரெண்டு பேர் சாப்பிடணும், அப்போதான் 'இருவர்'னு எழுத முடியும். ரெண்டு வயிறு ஒரு நாளைக்கு எத்தனை மிஷினைத் தாங்கும்? ஒண்ணு. ஆபீஸ் முடிஞ்சு வந்து எத்தனை மணிக்கு ஆரம்பிக்க முடியும்? ஆறு மணிக்கு.

சரி, பதினேழு நாள்தானே, பாட்டு எங்க ஓடிடப் போகுதுன்னு அன்னிக்கு சாயங்காலமே அவளோட அப்ரானை மாட்டிட்டு இறங்கினேன்.

முதல் ரொட்டி கொஞ்சம் கெட்டியா வந்துச்சு. மேஜைமேல வச்சப்போ மேஜை ஒரு சத்தம் குடுத்துச்சு. என் மனைவி மூஞ்சியைச் சுளிக்கல. கடிச்சா, இன்னொரு தடவை கடிச்சா, "வாசனை பிரமாதம்"னா. பாதியை எதிர் வீட்டுக்கு அனுப்பினா. மறுநாள் டாக்டரம்மா லிஃப்ட்ல என்னைப் பாத்து ரொம்ப நன்றி சொன்னாங்க. தொடர்ந்து சுடுங்க, இந்தத் தெரு முழுக்கக் குடுங்க, எனக்கும் நாலு பேஷன்ட் வரட்டும்னாங்க.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ரொட்டியைத் திரும்பவும் சுட்டேன். மூணாவது தடவை மெத்துன்னு வந்துச்சு. என் மனைவி ரெண்டு துண்டு கூடுதலா எடுத்துக்கிட்டா. மறுநாள், "அந்த ரொட்டியை இன்னொரு தடவை பண்ணுவீங்களா"ன்னு கேட்டா பாருங்க, என்னை மறந்துட்டேன். நூடுல்ஸ் பிழிஞ்சேன். கேரட் சூப்பு, பூசணி சூப்பு, ரெண்டும் கலந்த சூப்பு. எல்லாத்துக்கும் "பிரமாதம்".

அப்பவும் அடிமனசுல அரிச்சுது. ஏன் சண்டை வரல? மாவு சிந்தினா சண்டை இல்ல. பாப்கார்ன் மிஷின்ல மூடி போட மறந்து, சமையல்கட்டுல உள்ளங்கால் வைக்க இடமில்லாம போனப்போகூட, விளக்குமாத்தை எடுத்து என் கையில குடுத்துட்டு, "உள்ள துணி மடிக்கணுங்க"ன்னு போயிட்டா.

ஆபீஸ்ல எங்க சீனியர் மெக்கானிக்கை எல்லாரும் கிரீஸ்னு கூப்பிடுவோம். முப்பது வருஷ அனுபவம், அதுல இருபத்தஞ்சு வருஷம் சட்டையில தெரியும். அவர்கிட்ட புலம்பினேன். கேபிளைத் துடைச்சுக்கிட்டே நிதானமா சொன்னார்.

"சார், லிஃப்ட் சத்தம் போட்டா பயப்படாதீங்க. இத்தனை வருஷமா சத்தம் போட்ட லிஃப்ட் திடீர்னு அமைதியாச்சுன்னா, அப்போ படியில இறங்கிடுங்க."

அன்னிலேருந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஒன்பதாம் நாள் முதல் தடயம். காலையில துணி காயப்போடும்போது அவ ஏதோ ஒரு ராகத்தை முனகினா. இருபத்தோரு வருஷத்துல அவ முனகி நான் கேட்டது குக்கர் விசிலை எண்ணறப்போ மட்டும்தான். இதை எங்க கத்துக்கிட்டேன்னு அவளை விசாரிச்சேன். எங்கயோ ரேடியோவுலன்னா. எங்க வீட்டுல ரேடியோ பன்னெண்டு வருஷமா வாயைத் தொறக்கல.

பதினோராம் நாள் ரெண்டாவது. தினம் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி என் ரூமை ஒரு எட்டு பாத்துட்டுப் போவேன், தொட்டில்ல தூங்கற குழந்தையைப் பாக்கற மாதிரி. அன்னிக்கு சும்மா நாற்காலியில உக்காந்தேன். முழங்கால் மோவாய்க்கு வந்துடுச்சு. நாலு விரக்கடை இறங்கியிருக்கு. ஹெட்போனை எடுத்து மாட்டினேன், காதுக்கு வராம உச்சந்தலையில உக்காந்துக்கிச்சு. பட்டை ரெண்டு பல்லு உள்ள தள்ளியிருக்கு.

யாரோ ஒரு குட்டையான, சின்னத் தலை ஆள் என் ரூமுக்குள்ள வந்து போறான்.

தூசி துடைக்கும்போது பட்டிருக்கும்னு சொன்னா என் மனைவி. சொல்லும்போது என் கண்ணைப் பாத்து சொன்னா. அவ பொய் சொன்னா கண்ணைப் பாத்துதான் சொல்லுவா. உண்மை சொன்னாலும் கண்ணைப் பாத்துதான் சொல்லுவா. அதுதான் சிக்கல்.

பொறி வச்சேன். வால்யூம் திருகு மேலயும், கதவுப் பிடி மேலயும், நாற்காலிக் கைமேலயும் மைதா மாவைத் தெரிஞ்சும் தெரியாம தூவிட்டு ரொட்டி சுடப் போனேன். திருடன் தொட்டா விரல் ரேகை பதியணும். அரை மணிக்கு ஒரு தடவை கதவை மட்டும் ஓடிப்போய்ப் பாத்தேன். சாத்தியே இருந்துச்சு. மறுநாள் காலையில லென்ஸை எடுத்துக்கிட்டுப் போனா, பிடி பூரா ரேகை, கதவு பூரா ரேகை, சுவிட்சு, சுவரு, அலமாரி, எல்லா இடத்துலயும் அஞ்சு விரலும் அச்சு மாதிரி. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ என் கையைப் பிடிச்சு, கதவுல பதிஞ்சிருந்த கை மேல வச்சா. அளவு கச்சிதமா பொருந்துச்சு.

"முந்தாநாளும் நேத்தும் மாவு பிசைஞ்ச கையோட ஊரெல்லாம் தொட்டுட்டு வர்றீங்க. துடைச்சுடுங்க"ன்னு துணியைக் குடுத்துட்டுப் போயிட்டா.

பதினெட்டாம் நாள்தான் இடி விழுந்துச்சு. அவ பால்கனியில நின்னு போன் பேசிட்டிருந்தா. நான் நூடுல்ஸ் மிஷினை நிறுத்திட்டு, திரைக்குப் பின்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"இன்னும் பன்னெண்டு நாள்தான்டா. அப்புறம் ரூம் நம்ம கைக்கு வந்துடும். இல்லடா, அவருக்கு மூக்குல வேர்க்கவே இல்ல. அவர் நூடுல்ஸ்ல இருக்காரு."

'டா' போட்டுப் பேசறா. அவ 'டா' போடற ஆள் உலகத்துல ஒருத்தன்தான். என் மச்சான்.

மச்சானைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். மெத்தைக் கடையில விக்கிற வேலை. சரக்கைத் தானே படுத்துப் பரிசோதிச்சுட்டுத்தான் விப்பான், அவ்வளவு நேர்மை. போன தடவை ரெண்டே நாளுக்குன்னு மூணு பொட்டியோட வந்தான். நாலு மாசம் இருந்தான். கோடி ரூம்லதான். என் நாற்காலியில துண்டைக் காயப்போட்டான். ஆள் குட்டை. தலையும் சின்னது. என் மனைவியோட அதே தலை.

எல்லாம் பொருந்திப்போச்சு. நான் ஆபீஸ்ல இருக்கும்போது வந்து ரூமை அளவு பாத்துட்டுப் போறான்.

உறுதிப்படுத்திக்க ஒரே வழிதான் இருந்துச்சு. எனக்குக் குரல் மாத்திப் பேச வரும். ஆபீஸ்ல மேனேஜர் குரல்ல ரெண்டு பேருக்கு லீவே குடுத்திருக்கேன். என் மனைவி குரல் எனக்குத் தண்ணி பட்ட பாடு, இருபத்தோரு வருஷமா வேற என்னத்தைக் கேட்டேன்? மறுநாள் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்து மொட்டைமாடி மிஷின் ரூம்ல நின்னு மச்சானுக்குப் போன் போட்டேன். தொண்டையை இறுக்கி, மூக்கைக் கொஞ்சம் சேத்து, "டேய் தம்பி, சாப்டியாடா?"ன்னேன். கேபிள் துடைச்சிட்டிருந்த கிரீஸ் திரும்பிப் பாத்தார். அப்புறம் ரொம்ப நேரம் திரும்பிப் பாக்கவே இல்ல.

மச்சான் மெத்தையில எழுந்து உக்காந்த சத்தம் கேட்டுச்சு.

"சாப்டேன்க்கா. என்னக்கா, ஜலதோஷமா?"

"ஆமாண்டா. அந்த ரூம் விஷயம்..."

"பொட்டியெல்லாம் கட்டிட்டேன்க்கா. நாலு பொட்டி. ஆனா மாமா அந்தப் பதினேழு கார்டையும் சரியா முடிச்சிட்டார்னா நாம ஒண்ணும் பண்ண முடியாதேக்கா. அதான் பயமா இருக்கு."

அப்படியா சேதி. போனை வச்சுட்டு கிரீஸைப் பாத்துக் கண்ணடிச்சேன். அவர் ரெண்டு படி இறங்கி நின்னார்.

அதுக்கப்புறம் நான் மனுஷனே இல்ல. பதினேழு கார்டுல ஒண்ணுகூடப் பழுது இருக்கக்கூடாது. சரியா வராததையெல்லாம் திரும்ப ஓட்டினேன். ஐஸ்க்ரீம் மூணு தடவை தண்ணியாவே வந்துச்சு, நாலாவது தடவை உறைஞ்சுது. வாஃபிள் மிஷின்ல கை சுட்டுக்கிட்டேன். ஆப்பிள் மிஷின் என் கட்டைவிரலையும் ஆப்பிள்னு நினைச்சுது. ஆறு மணிக்கு அப்ரான் கட்டினா எட்டு மணிக்குத்தான் அவிழ்ப்பேன். என் மனைவியோ தினமும் ஆறு மணிக்கு துணி மடிக்கப் போயிடுவா. நாங்க ரெண்டே பேர். அவ்வளவு துணி ஏதுன்னு அப்போ எனக்குத் தோணல பாருங்க. ஊரையே சந்தேகப்பட்டவன், துணியை சந்தேகப்படல.

முப்பதாம் நாள் ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்டரம்மாவை வரவழைச்சேன். மேஜைமேல பதினேழு கார்டையும் அணிவகுத்து வச்சேன். ஓட்டின தேதி, சரி. ஏத்தின பாரம், இருவர், இருவர், இருவர். நிலைமை, நன்று. டாக்டரம்மா ஒவ்வொண்ணா பாத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. எல்லாம் சுத்தமா இருக்குன்னாங்க. சொத்தை எங்கயும் இல்லன்னாங்க. அவங்க தொழில்ல அதுக்கு மேல பாராட்டு கிடையாது.

மனசுக்குள்ள மச்சானோட நாலு பொட்டியையும் ஒவ்வொண்ணா படியில உருட்டிவிட்டேன். கையைக் கழுவினேன். அப்ரானைக் கழட்டி ஆணியில மாட்டினேன். மணி சரியா ஆறு. முப்பது நாள் கழிச்சு பாட்டு கேக்க என் ரூமைப் பாத்து நடந்தேன். சீட்டி அடிச்சேன்னுகூட வச்சுக்கங்களேன்.

கதவைத் தொறந்தேன்.

என் மனைவி என் நாற்காலியில சாஞ்சு உக்காந்திருந்தா. காலு ஸ்டூல்மேல. பக்கத்துல ஒரு தட்டுல நான் சுட்ட ரொட்டி ரெண்டு துண்டு. காதுல என் ஹெட்போன். ஹெட்போன் மெத்தைக்குப் பூப்போட்ட துணியில உறை தைச்சுப் போட்டிருக்கு. தையல் மிஷினையும் ஓட்டியிருக்கா, அந்த மேஜையும் எனக்குக் கிடையாது, புரியுதா? இசைத்தட்டு சுத்திட்டிருக்கு. பிளேயர் பக்கவாட்டுல வெள்ளை நூல்ல ஒரு கார்டு தொங்குது. எங்க கம்பெனி கார்டு, இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தாளோ.

கையில எடுத்துப் படிச்சேன். பொருள், ரெக்கார்டு பிளேயர். முதல் தேதி, சட்டம் போட்ட மறுநாள். அதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் முப்பது தேதி, முப்பது கையெழுத்து, எல்லாம் அவளோடது. வாரத்துக்கு ஒண்ணா டாக்டரம்மா சாட்சிக் கையெழுத்து வேற.

அவ ஹெட்போனை ஒரு காதுலேருந்து மட்டும் நகத்தினா.

"என்னம்மா இது?"

"ரெண்டாவது விதிங்க."

"இது மிஷின் இல்லம்மா. இது என் உயிர். இருபத்தோரு வருஷமா நான்தான்..."

"வாயால சொல்றது செல்லாதுங்க. மூணாவது விதி."

"அப்போ உன் தம்பி? பொட்டி?"

"அவன் எங்கயும் வரல. ரூம் கைக்கு வந்ததும் வந்து பாட்டு கேக்கறேன்னான், அவ்வளவுதான். நீங்க என் குரல்ல பேசினீங்களாமே. நல்லா இருந்துச்சாம், மூக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாம். போன்ல உங்க பேர் வந்துச்சாம். என் குரல்ல பேசறவர் என் போன்ல பேச வேணாமா? பொட்டி கிட்டின்னு அவனாவே ரெண்டு வார்த்தை சேத்துக்கிட்டான்."

டாக்டரம்மா கூடத்துல ரொட்டி மென்னுட்டிருந்த சத்தம் மட்டும் கேட்டுச்சு. ரொட்டி மெத்துன்னுதான் இருந்துச்சு, சத்தம் வர வாய்ப்பில்ல. சிரிச்சிருக்காங்க.

கடைசியா ஒரே ஒரு ஆயுதம் பாக்கி இருந்துச்சு. உனக்கு இதுல என்ன புரியும், எவ்வளவு நுணுக்கம் இருக்குன்னு கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவ என்னை நிமிந்து பாத்தா. கோபமா இல்ல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

"இந்தத் தட்டுல ரெண்டாவது பாட்டு முடியற இடத்துல, வயலின் ஓயும்போது, இடது பக்கம் யாரோ ஒருத்தர் மெதுவா இருமறாரு. இருமிட்டு, அடக்கிக்கறாரு. இத்தனை வருஷமா கேக்கறீங்களே, கவனிச்சிருக்கீங்களா?"

கவனிச்சதில்ல. ஆயிரம் தடவை கேட்ட தட்டு அது. ஒரு இருமலும் கேட்டதில்ல. நான் கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டறதுலேயே கவனமா இருந்திருக்கேன் போலிருக்கு.

சண்டை போடணும்னு வந்தவன், "எங்க, குடு பாக்கலாம்"னு கையை நீட்டினேன். அந்த இருமலைக் கேக்காம எனக்கு இனிமே தூக்கம் வருமா?

"நாளைக்கு வாங்க. ஏழரைக்கு மேல. வரும்போது கதவைத் தட்டிட்டு வாங்க"ன்னா. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "வெறுங்கையோட வராதீங்க, அந்த பூசணி சூப் நல்லா இருந்துச்சு"ன்னா. ஹெட்போன் திரும்பவும் காதுக்குப் போயிடுச்சு. காலு ஸ்டூல்மேல தாளம் போட ஆரம்பிச்சிடுச்சு. தாளமும் சரியா இருந்துச்சு, அதுவேற எரிச்சல்.

சட்டத்தை நானே எழுதினேன். அதனால எனக்குத் தெரியும், அதுல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. அவ தொடர்ந்து முப்பது நாள் பாட்டு கேக்காம இருந்தா, அந்த முப்பது நாளும் நான் கேட்டா, நாற்காலி திரும்ப எனக்கு. காத்திருக்கலாம். பொறுத்தவன் பூமி ஆளுவான். அதுவரைக்கும் பூசணியை வெட்டி வச்சுடலாம்னு சமையல்கட்டுக்குத் திரும்பினேன்.

ஆணியில அப்ரான் தொங்கிச்சு. அதுல வெள்ளை நூல்ல பத்தொன்பதாவதா ஒரு கார்டு, நான் ரூம்ல நின்ன நேரத்துல டாக்டரம்மா கட்டினது. முப்பது தேதியும் எழுதி, முப்பதுக்கும் அவ கையெழுத்துப் போட்டு, டாக்டரம்மா சாட்சி போட்டிருந்தாங்க.

பொருள்: வீட்டுக்காரர். ஏத்தின பாரம்: இருவர். நிலைமை: சத்தம் இருக்கு, ஆனா ஓடுது.